வேகத்தடையில் விழுந்த துப்பாக்கி

நாட்றாம்பாளையம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சென்னகிருஷ்ணனுக்கு,

அக்கா ஜோதியம்மாள் எழுதுகிறேன். நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். அந்த மலைக் குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சௌமியாவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. உன் மாமா ஓட்டுகிற கம்பெனி வேனிலேயே அவளும் போய் வருகிறாள். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறாளே என்று சிரிக்காதே. நீ இருக்கிற இடத்தில் போன் எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும் உன் மாமா ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர்.

விஷயம் நீ வாங்கிக் கொடுத்த ஏர் கன் பற்றியது. காட்டுப் பன்றியைச் சுட்டால் வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள், அதனால் வரப்போரப் புங்க மரத்தில் எண்ணெய் டின்னைத் தொங்கவிட்டு அதைச் சுடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாயே, போன வருடம் அந்த டங் சத்தத்துக்கே பன்றி ராகிக் கொல்லைப் பக்கம் வரவில்லை. இந்த வருடம் உன் மாமா சுட்டால் டின் வாயைத் திறப்பதே இல்லை. பாதி ராகியைப் பன்றி உழுதுவிட்டுப் போய்விட்டது.

கேட்டால், "ஸ்கோப்பு அடி வாங்கிடுச்சு, ஜீரோ போயிடுச்சு" என்கிறார். துப்பாக்கி மேலே இருக்கிற கண்ணாடி அடிபட்டுக் குறி தவறிவிட்டதாம். நடந்தது என்னவென்றால், குருபரப்பள்ளியில் இருக்கிற சிநேகிதர் பார்க்க வேண்டும் என்றாராம், துப்பாக்கியை பைக்கில் கட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டு, துப்பாக்கி தார் ரோட்டில் விழுந்ததாம். பட்டப்பகலில்தான். "பெயின்ட் அடிக்காம வெச்சிருக்கானுங்க, எவனுக்குத் தெரியும்?" என்று பஞ்சாயத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

பக்கத்துக் கொல்லை கரியப்பன் அண்ணன், இந்த மாதிரிக் கண்ணாடியெல்லாம் அடிபட்டாலும் அசையாது என்கிறார். அவர் மச்சான் உடனே கெட்டுவிடும் என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன், நீயே சொல். கீழே விழுந்தால் ஸ்கோப் குறி மாறுமா, மாறாதா?

வேன் லைட்டு மங்கலாக இருக்கிறது என்று போன வாரம்தான் பல்பு மாற்றினார். இப்போதும் மங்கல் என்கிறார். சர்க்கரை மாத்திரையைச் சாமிக்குப் படைத்த மாதிரி அப்படியே வைத்திருக்கிறார். இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்கோப்புதான் கெட்டது என்று நீ ஒரு வரி எழுதிவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

உன் அக்கா,
ஜோதியம்மாள்.


நாட்றாம்பாளையம்,
மார்கழி, புதன்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, நல்ல ஆளப்பா நீ! ஆனாலும் சோதித்துப் பார்க்க வழி சொன்னாய். அதன்படியே செய்தோம்.

மணல் நிரப்பிய உரச் சாக்கின் மேல் துப்பாக்கியை வைத்து, உன் மாமா சுட்டார். குறி மாறியிருந்தால் குண்டெல்லாம் தள்ளிப் போய் ஒரே இடத்தில் விழும் என்றாய். ஒன்று மரத்தில், ஒன்று மண்ணில், ஒன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. சிதறினால் திருகாணி லூசாக இருக்கும் என்றாயே, சௌமியா கம்பெனியிலிருந்து ஆலன் கீ கொண்டுவந்து இறுக்கினாள். மறுபடியும் அதே கதைதான். பிறகு சௌமியா உட்கார்ந்து சுட்டாள். டங், டங் என்று டின் நடுவிலேயே பட்டது. "அவளுக்கு ஏதோ குருட்டாம்போக்குல பட்டுச்சு" என்று உன் மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருடையது மாதிரி இல்லை. "நீ சுடு, நீ சொன்னா ஒத்துக்கறேன்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து பார்த்தேன் தம்பி. டின்னில் இருக்கிற சூரியகாந்திப் பூவின் இதழ்கூடத் தெரிந்தது. நிமிர்ந்தால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. எனக்கு மனசு கேட்கவில்லை. குழலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சுட்டேன். "பாத்தியாடி, ஸ்கோப்புதான் போச்சு!" என்று என் முதுகில் தட்டினார். அன்றைக்குக் களி இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கீழே விழுந்தால் கெடுமா என்றுதான் உன்னைக் கேட்டேனே தவிர, ஏன் விழுந்தது என்று யாரையும் நான் கேட்கவே இல்லை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனபோது குருபரப்பள்ளி ரோட்டில் அந்த வேகத்தடையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. புதிதாகப் பூசியிருப்பார்கள் என்று அப்போதும் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அது பழைய பெயின்ட். அங்கங்கே உரிந்துகூட இருக்கிறது.

நேற்றுக் காலையில் சௌமியாவைத் தலைவலி என்று சொல்லி லீவு போட வைத்தேன். வேன் நிற்கிற இடத்தில் கரியப்பன் அண்ணன் சம்சாரம், தன் மகளை ஏற்றிவிட வந்தவள், என்னிடம் சொல்கிறாள், "உங்க வீட்டு அண்ணன் ஓட்டற வண்டின்னா எனக்குக் கவலையே இல்ல அக்கா." என் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டு, அவள் பிள்ளை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை இறக்கத்தில் வண்டி திரும்புகிற வரைக்கும் நின்றேன். சாயங்காலம் வேன் வந்து நிற்கிற வரை நான் நானாக இல்லை. தூ, நானும் ஒரு தாயா!

இன்று விடியலில் வேன் சாவியை எடுத்து ராகிக் குதிருக்குள் போட்டுவிட்டேன். முதலாளி வேறு டிரைவரிடம் மாற்றுச் சாவி கொடுத்து அனுப்பி வண்டியை எடுக்க வைத்தார், சாவி கிடைக்கிற வரை அந்த ஆளே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டாராம். உன் மாமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிவிட்டு, இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "எங்க வெச்சேன்னு ஞாபகமே வரலயேடி" என்று தன்னையே நொந்துகொள்கிறார். அதைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

வேலை போனால் அந்த மனுஷன் உடைந்துபோவார். ஓட்ட விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. நான் சொல்லலாம் என்றால், நானே சுட்டுத் தவறவிட்டவள். இனி என் பேச்சை எப்படி நம்புவார்? துப்பாக்கி விஷயத்தில் உன் வார்த்தையை அவர் தட்டமாட்டார். ஸ்கோப் நன்றாக இருக்கிறது மாமா, என்று அவர் பேருக்கே எழுது. அதற்கு மேல் எழுதாதே. மிச்சம் அவருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கிருஷ்ணகிரிக் கண் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன்.

சீக்கிரம் எழுதப்பா. அதுவரை சாவி குதிரிலேயே இருக்கட்டும். நீ நன்றாயிரு. சாமி கும்பிடும்போது உன் மாமாவுக்காக மட்டும் கும்பிடாதே, அந்த வேனில் ஏறுகிற பிள்ளைகள் எல்லோருக்காகவும் கும்பிடு.

உன் அக்கா,
ஜோதியம்மாள்.