நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்திய தகடு

எம். புதுப்பட்டி,
24.5.2009, ஞாயிறு.

அன்பு மகள் இசைவாணிக்கு,

அப்பா செல்லச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா வள்ளித்தாயும் சாமி புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் உன்கூடப் படிக்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் உன் அம்மா வேண்டிக்கொள்கிறாள். சித்திரைப் பொங்கலுக்குச் சிவகாசி போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் காலையில் ஒன்றரை மணி நேரம் போகிறது, சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது. நீ ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே, அனுப்பிய பருப்புப் பொடியில் ஒரு கரண்டி போட்டுச் சோறு பிசைந்து சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை.

போனில் பேசுகிறவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா ரிசீவரில் பாதிக் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தாயி. அப்பா எப்போது பயப்படாமல் இருந்தார் என்று சிரிக்காதே. பட்டாசுக் கம்பெனியில் என்னைப் பயந்தாங்கொள்ளி போர்மேன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்கும் தெரியும். கொண்டை ஊசியைக் கழற்று, கொலுசைக் கழற்று, செருப்பை வாசலில் விடு, மருந்துத் தட்டை இழுக்காதே தூக்கி வை என்று நாள் முழுக்கக் கத்துகிறவன்தான் நான். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையில் ஒரு உயிர் போகவில்லை என்றால் அந்தக் கத்தலால்தான். அது எனக்குப் பழகிப்போன பயம், அதை வைத்துக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் முடியும். இந்தப் பயம் சோற்றை உள்ளே இறங்க விடமாட்டேன் என்கிறது.

போன மார்கழியில் நீ லீவுக்கு வந்திருந்தபோது கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாமல் கம்பெனித் தண்ணீர்த் தொட்டி அடி தெரியக் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லாத பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பதற்குக் கிணற்றில் குதிக்கலாம் என்று நான் புலம்பியதைக் கேட்டு நீதான் முதலாளி அய்யாதுரையிடம் பேசி, பம்ப் ரூம் மாடியில் சோலார் தகடு வைத்து மோட்டாரை ஓட்ட ஒத்துக்கொள்ள வைத்தாய். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்து எனக்கும் அவருக்கும் சொல்லிக் காட்டினாயே, நினைவிருக்கிறதா. மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகும், சித்திரையில் நேர் உச்சிக்கு வரும், அப்புறம் ஆவணி வரைக்கும் நம் தலைக்கு வடக்கே நிற்கும், அதனால் நம் ஊருக்குத் தகட்டைத் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சாய்த்தால் போதும், கிட்டத்தட்டப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தால்தான் வருஷம் முழுக்கக் கரண்ட் நிறைய வரும், ஜெர்மனியில் சூரியன் தாழ்வாக நிற்பதால் அங்கேதான் நிமிர்த்தி வைப்பார்கள் என்றாய். நம் விருதுநகர் வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் விழுகிறது என்று நீ சொன்னதும் முதலாளி வாயைப் பிளந்து, "இம்புட்டையும் சும்மாவா விட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார். எனக்கு அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

நீ விமானம் ஏறிய மறுவாரம் ஸ்டாண்டு அடிக்கிறவன் அளவு கேட்டு வந்தான். பத்து டிகிரி என்று நீ எழுதிக் கொடுத்த காகிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை. படுத்த மாதிரி இருந்தால் தூசி தங்கும் என்று என் புத்தி சொன்னது. நம் கம்பெனியில் எதுவும் படுக்கையாக இருக்க நான் விடுவதில்லை, மருந்து ரூம் ஜன்னல் கட்டையைக்கூடச் சரிவாகத்தான் பூசச் சொல்வேன், படுக்கையாக இருந்தால் அலுமினியப் பொடி உட்காரும், உட்கார்ந்த பொடி ஒரு நாள் ஆளை எடுக்கும். அதே நினைப்பில் தகட்டுக்கும் நாற்பத்தைந்து டிகிரி வை என்று சொல்லிவிட்டேன். தூசியும் தங்கவில்லை, தை மாதத்தில் தண்ணீரும் நன்றாகவே ஏறியது. பத்து டிகிரிதானே அப்பா வைத்தீர்கள் என்று நீ போனில் கேட்டாய், ஆமாம் என்று சொன்னேன். படித்த மகள் சொன்னதைத் திருத்தி வைத்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து வாரா வாரம் நான் படித்துச் சொன்ன மீட்டர் கணக்கை எல்லாம் நீ பத்து டிகிரி என்று நம்பித்தான் உன் படிப்புக்காக எழுதி வைத்திருக்கிறாய்.

சித்திரை பிறந்ததும் தகட்டிலிருந்து வரும் கரண்ட் குறைந்தது. தையில் மத்தியானம் மூன்று மணிக்கு நிறைகிற தொட்டி ஐந்து மணி ஆகியும் நிறையவில்லை. இவ்வளவு வெயிலில் எப்படிக் குறையும், எனக்குப் புரியவில்லையே அப்பா, என் புரொபசரிடம் காட்டிக் கேட்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது பேச்சை மாற்றப் பார்த்தேன். மேகமாக இருக்கும் என்று மழுப்பினேன். ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

இந்த மாதம் பதினாலாம் தேதி, வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் காயப்போடும் மேடையில் தட்டுகளைத் திருப்பி வைப்பார்கள். உன் அம்மா மேடையின் தெற்கு ஓரத்தில் மணிமருந்து காய்கிற தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வானத்தில் கலர் கலராகச் சிதறுமே, அந்த உருண்டைகள்தான், காய்ந்துவிட்டால் ஒன்றோடொன்று உரசினாலே போதும். திரும்பியவள் மேடை விளிம்பில் கால் தட்டி முட்டி மோத விழுந்தாள். தட்டை மட்டும் விடவில்லை, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தாள். நாலைந்து உருண்டைகள் தரையில் ஓடின. ஒருத்தி பதறிக் கால் வைத்திருந்தால் இந்தக் கடுதாசியை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன். எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி நானே தண்ணீர் தெளித்துப் பொறுக்கினேன். "கண்ணுக்குள்ள வெள்ளையா அடிச்சது, ஒண்ணுமே தெரியலீங்க" என்று அவள் சொன்னதற்கு, கவனம் எங்கே போச்சு என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன். ஒரு வாரமாகவே அந்த ஓரத்தில் கண் கூசுகிறது என்று அவள் வீட்டில் சொல்லித்தான் இருந்தாள், வெயில் என்றால் கூசத்தான் செய்யும் என்று நான்தான் அடக்கினேன்.

மறுநாள் அதே பன்னிரண்டே காலுக்கு அவள் நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். பம்ப் ரூம் மாடியிலிருந்து இன்னொரு சூரியன் நேராக என் முகத்தில் இறங்கியது. கையை வைத்து மறைத்தும் முடியவில்லை. என் தகடுதான் தாயி. நான் நிமிர்த்தி வைத்த தகடு. சூரியன் வடக்கே ஏற ஏற அந்த வெளிச்சம் தாழ்ந்து தாழ்ந்து மேடைக்கு வந்திருக்கிறது. நீ சொன்னபடி படுக்க வைத்திருந்தால் அது வானத்தைப் பார்த்துப் போயிருக்கும், கரண்டும் குறைந்திருக்காது என்பது இந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது விழுகிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கல்லை வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு அடி மேடைக்குள்ளே வருகிறது. இன்னும் எவ்வளவு தூரம் வரும், என்றைக்குத் திரும்பும் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

உடனே மாற்ற வேண்டியதுதானே என்று கேட்பாய். சரக்கு இருக்கும்போது கம்பெனிக்குள் வெல்டிங் வைக்க முடியாது, தகட்டைக் கழற்றி ஸ்டாண்டை வெளியே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முதலாளியிடம் கேட்க வேண்டும், யார் இப்படிச் சாய்த்தது என்று அவர் கேட்பார். என் மகள் கணக்குப் போட்டுத் தந்தாள் என்று ஊர் முழுக்கப் பீற்றியவன் நான். இத்தனை பேருக்குப் பத்திரம் சொல்லிக் கொடுக்கிறவன் பத்திரம் என்று நினைத்துச் செய்ததே இப்படி ஆனதை எந்த வாயால் சொல்வது என்று நாளைக் கடத்தினேன். தினமும் பன்னிரண்டு மணிக்குத் துடைக்கப் போகிறேன் என்று மாடி ஏறி அரை மணி நேரம் தகட்டின் மேல் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்றுக் காற்று சாக்கைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. கீழே மேடையில் அப்போது எட்டுப் பேர் நின்றார்கள், நான் உடம்பைக் குறுக்கே போட்டு மறைத்தேன், முதுகு பொசுங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய பாவம் வீட்டில் நடக்கிறது. உன் அம்மா தனக்குக் கண் போகப் போகிறது என்று நம்புகிறாள். முதலாளியும் அப்படித்தான் நினைக்கிறார், செவ்வாய்க்கிழமை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார், இனிமேல் மேடை வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் நாளையிலிருந்து அய்யம்மாள். நம் தெருக் கடைசி வீட்டுப் பெண், ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், கனமில்லாத வேலை என்று அவளை அங்கே போட்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று சரி என்று தலையாட்டினேன். இன்றைக்குக் காலையில் எழுந்து பார்க்கிறேன், உன் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடுப்படியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு அடி எண்ணிக்கொண்டு நடக்கிறாள். பதினொன்று, பன்னிரண்டு என்று வாய்க்குள் முனகுகிறாள். கண் போனபிறகு யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இப்போதே பழகுகிறாளாம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு இந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்தேன்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். நீ முதலாளிக்குப் போன் போட்டு, இந்தத் தகட்டுக் கண்ணாடி வகையே வெயில் காலத்தில் கூசும், புதுசாக இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள் என்று உன் படிப்பை வைத்து ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். மேலே எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். இந்தக் கடுதாசி உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அய்யம்மாள் நாளைக்கு மத்தியானம் தட்டைத் தூக்குவாள்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முதலில், "அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கா" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் நிமிர்ந்து, "இது எம்புட்டு நாளா உங்களுக்குத் தெரியும்" என்றாள். ஒன்பது நாள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பார்வைக்கு நான் அந்த வெளிச்சத்திலேயே நின்றிருக்கலாம். கடைசியில், "நாளைக்குக் கம்பெனி வேன் வாரதுக்கு முன்னாடி முதலாளி வீட்டுக்குப் போவோம். நீங்க சொல்லுங்க, சொல்லலைன்னா நான் சொல்லுவேன். தகட்டைக் கழத்துற வரைக்கும் அய்யம்மா மேடையில கால் வைக்கக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு என் வேலை போனாலும் போகும். முதலாளி நம்பாமல் சிரித்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது, மத்தியானம் வரைக்கும் இழுத்தடித்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

தையிலிருந்து வைகாசி வரை நான் சொன்ன கணக்கில் பத்து டிகிரி என்று இருப்பதை எல்லாம் அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதிக்கொள். எண்கள் பொய்யில்லை, சாய்வுதான் பொய். உன் புரொபசரிடம் அப்பா சொன்ன பொய் என்றே சொல், உன் மேல் தப்பு விழக் கூடாது. நீ நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் படிப்பை முடித்து வர வேண்டும், அம்மன் உனக்குத் துணை இருப்பாள். இது கிடைத்த அன்றைக்கே போன் பண்ணு. முதலில் அம்மாவிடம் பேசு, அவளுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று படித்தவள் வாயால் ஒரு தடவை சொல். அவள் ரிசீவரை என்னிடம் தந்தால் நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. செல்லச்சாமி.