யாருக்கும் ஒன்றும் ஆகாத தெரு

மார்ச் 4
எந்த கிளினிக்கில் எத்தனை நர்ஸ் என்று திட்டம் போடுவதுதான் என் வேலை. கேட்டிருந்த புது நர்ஸ்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. "இருக்கிறவங்களையே அங்க இங்க மாத்திப் போடுங்கம்மா" என்றார் டைரக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண் வார்டு நிரம்பி வழிகிறதாம்.

மார்ச் 11
எங்கள் தெரு சர்க்கரை கிளினிக்கிலிருந்து நர்ஸை எடுக்கச் சொல்கிறார் டைரக்டர். அங்கே இருப்பதே ஒரு நர்ஸ். மருந்துக்கு வராதவர்களைப் போனில் பிடித்து வறுத்தெடுப்பவர். சர்க்கரைக்கு அங்கேதான் மருந்து வாங்கும் என் தம்பி அவருக்கு வைத்த பெயர் 'சண்டைக்காரி'. அவர் வாய்க்குப் பயந்துதான் அவனும் மாதாமாதம் போகிறான்.

"அந்தத் தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அங்க எதுக்கு நர்ஸ்?"

"அவங்க இருக்கிறதாலதான் சார் ஒண்ணும் ஆகல."

"அதை எப்படிம்மா மேல எழுதிக் காட்டுறது?"

நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது? எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 12
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 19
சண்டைக்காரி வார்டுக்குப் போனதிலிருந்து கிளினிக்கில் மாத்திரை கொடுப்பவர் மட்டும்தான். போனாயா என்று தம்பியிடம் கேட்டேன். "போலாம்க்கா. இப்பதான் யாரும் திட்டுறதில்லையே" என்று சிரித்தான். நான் திட்டினேன். அக்கா திட்டினால் அவன் காதில் ஏறவா போகிறது?

ஆகஸ்ட் 7
வெல்டிங் பட்டறையில் தம்பியின் ஷூவுக்குள் தீப்பொறி விழுந்திருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்துப்போய், சுட்டதே தெரியவில்லையாம். சாக்ஸைக் கழற்றினால் — ஐயோ, அந்த நாற்றம். எத்தனை நாளாடா இப்படி? "தெரியலக்கா" என்கிறான். தெரியலையாம்! உன் காலுதானேடா?

ஆகஸ்ட் 10
இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சண்டைக்காரிதான் கட்டுப் போட்டார். திட்டு விழும் என்று தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவர் வாயே திறக்கவில்லை. பார்க்க இன்னும் எத்தனையோ கால்கள். வெளியே வந்து என்னிடம், "உங்க தெரு ஆளுங்க நிறைய பேரு இங்க வராங்க மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24
வார்டுக்கு இன்னொரு நர்ஸ் வேண்டுமாம். எந்த கிளினிக்கிலிருந்து எடுக்கலாம் என்று டைரக்டர் கேட்டார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்." மாலைக்குள் பக்கத்து மேஜைக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 15
கட்டு மாற்ற வீட்டுக்கு வர ஆள் இல்லை. நானே கற்றுக்கொண்டேன். காலையில் அவன் காலை மடியில் வைத்துக் கழுவி, துடைத்து, புதுத் துணி சுற்றுகிறேன்.

"உனக்கு ஆபீஸுக்கு லேட்டாகுதுக்கா. எப்படி இருக்கு, ஆறுதா?"

ஆறுகிறதா இல்லையா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. நல்லா இருக்குடா என்று சொல்லிவைத்தேன்.