தாமதமாக வந்த விடை

என் அறையிலேயே உட்கார்ந்து என்னோடு விரிவுரையாளராக இருந்த அன்பு ஜாபர்,

நம் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அவர் தலைமையில் நாம் செய்த ஆய்வைப் பாராட்டி விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். உனக்கு எழுதுகிறேன். அச்சேற்றுவார்களா, பார்ப்போம்.

உத்திரமேரூர் ஏரிக்கு மழைநீர் எப்படி வந்து சேரும் என்கிற பெரிய கணக்கு அது. அதைத் துண்டுகளாக்கி, கணினிக் கூடத்தில் இருந்த கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பங்கு போட்டேன். புதியவை முடித்துவிட்டுச் சும்மா நின்றன. ஒரு பழைய கணினிக்காக எல்லாம் காத்துக் கிடந்தன. டீ கிளாசோடு வந்து பார்த்தாய்.

“இன்னா மச்சான், கெயவனுக்கும் வாலிபனுக்கும் ஒரே அளவு சோத்த வச்சிக்கினு கீற? கொஞ்சங் கொஞ்சமா வையி. துன்னு முடிச்சவன் வந்து கேக்கட்டும்.”

அப்படியே மாற்றினோம். மின்வெட்டில் அடங்கிப்போகும் கணினியின் பங்கை இன்னொன்றுக்குக் கொடுத்தோம். மின்சாரம் வந்தபின் அடங்கிய கணினியும் விடையோடு வந்தால் தள்ளிவிடலாம் என்றேன். நீ விடவில்லை.

“லேட்டா வந்தாலும் வேலை செஞ்சிக்கினுதான வந்துது? வாங்கி வச்சி ரெண்டையும் ஒத்துப் பாரு.”

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுரையின் உன் பகுதியை எழுதி முடித்து, வீங்கிய கையால் கொண்டுவந்து நீட்டினாய். தலைவர் நிமிரவில்லை.

“அதை வேற ஆளுக்குக் கொடுத்து முடிச்சாச்சு பாய். உடம்பைப் பாருங்க.”

நீ சண்டை போடவில்லை. நான் போட்டேன். அதன்பின் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. உன் யோசனை முழுக்க இருந்தது, உன் பெயர் இல்லை. நீ அதைப் பார்த்தாயா? அடுத்த நோன்பு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் மகள் வந்தாள். அவளும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். கட்டுரையைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

“அத்தா பேர் எங்க மாமா?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்று நீ திரும்ப எடுத்துப்போன தாள்கள் அவளிடம் இருக்கின்றன. மலரில் இது வராவிட்டால் விழா மேடையில் படிப்பேன். அந்தத் தாள்களையும் அச்சான கட்டுரையையும் மேசைமேல் அருகருகே வைப்பேன். முன்வரிசையில் உன் மகள் இருப்பாள். வந்தவர்கள் ரெண்டையும் ஒத்துப் பார்க்கட்டும்.

உனக்கு மச்சானும், உன் மகளுக்கு மாமனுமான
சேகர்