உட்கார முடியாதவனுக்குக் கொடுத்த கதிரை சம்பந்தமாக

அனுப்புநர்:
முகம்மது ஹனீபா மக்கீன்,
பள்ளிவாசல் ஒழுங்கை,
இரத்தோட்டை.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
மாத்தளை.

விடயம்: குளிரூற்று வாசனைப்பொருள் களஞ்சியத்தில் வேலை செய்த என்னை, நோயாளி போல் நடித்ததாக எழுதி வேலையிலிருந்து நீக்கியமைக்கு எதிரான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி களஞ்சியத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமையாக வேலை செய்தவன் நான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கே வரும் மிளகு, கராம்பு, சாதிக்காய் மூடைகளில் என் தோளில் ஏறாமல் உள்ளே போனவை குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலைக்குக் கள்ளன் என்று இன்று எழுதப்பட்டிருப்பது யாரைப் பற்றி என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. சென்ற வருடம் மிளகுக் காலத்தில், லொறியிலிருந்து மூடையைத் தோளில் வாங்கித் திரும்பும்போது இடுப்பில் ஏதோ விலகியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. லொறியைக் காக்க வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆகவே எண்ணெய் தடவிக்கொண்டு மிச்ச மூடைகளையும் இறக்கிவிட்டுத்தான் வீடு போனேன்.

3. அதன் பிறகு என் இடுப்புக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். வாய்வு என்றார்கள், என் மனைவி நூருன்னிஸா உள்ளி போட்டுப் பால் காய்ச்சித் தந்தார். சிறுநீரகக் கல் என்றார்கள். தெம்பிலி இளநீராகக் குடித்தேன். உளுக்கு என்று ஒரு நாட்டு வைத்தியர் பத்துப் போட்டு உருவிவிட்டார். வலி இடுப்பை விட்டு இடது தொடைக்கும், பிறகு கெண்டைக்காலுக்கும் இறங்கியது. வலி கீழே இறங்கிக் காலால் வெளியேறப் போகிறது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எங்கள் அறிவு அவ்வளவுதான் ஐயா.

4. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பு கழன்று போனது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த முத்தலிப் நானா அதைக் கையில் எடுத்து வந்து கொடுத்தபோதுதான், வெறுங்காலோடு கல் வீதியில் நடந்திருக்கிறேன் என்பதே புரிந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

5. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்காமல் உயர்த்தினார். ஒரு சாண் உயர்வதற்குள் கத்திவிட்டேன். பெருவிரலைத் தூக்கச் சொன்னார், அது சொற்கேட்கவில்லை. பல மாதம் முறைக்குக் காத்திருந்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்த பிறகு, அந்தப் படத்தைக் காட்டி விளக்கினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறதாம். எனக்கு அது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறதாம். நிற்கும்போது அந்தத் தட்டில் அழுத்தம் குறைவு, உட்கார்ந்தால் கூடும், குனிந்து உட்கார்ந்தால் இன்னும் கூடும் என்றார். பாரம் தூக்கக் கூடாது, நீண்ட நேரம் உட்காரக் கூடாது என்று எழுதியும் தந்தார். என் வலிக்கு ஓர் உண்மையான பெயர் கிடைத்ததில் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். இனி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

6. அந்தக் கடிதத்தின் முதல் பாதியைக் களஞ்சியத்தார் ஏற்றுக்கொண்டார்கள். மூடை தூக்குவதை நிறுத்தி, கேட்டடியில் ஒரு கதிரையைப் போட்டு, வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். இருந்த இடத்தில் இருந்துகொண்டு சம்பளம் வாங்கப் போகிறான் என்று கூட வேலை செய்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். அந்தக் கதிரையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிட்டத்திலிருந்து குதிகால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தது போலிருக்கும். எழுந்து நிற்பேன். முகாமையாளர் ஜன்னலால் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி ஆள் அனுப்புவார். கடிதத்தின் இரண்டாம் பாதியைக் காட்டினேன். நிற்கக் கூடாது என்று எழுத வேண்டியதை டாக்டர் மாற்றி எழுதியிருப்பார் என்று பதில் சொன்னார். படித்த டாக்டரையே திருத்துகிறவரிடம் நாட்டாமை என்ன பேசுவது?

7. தராசடியில் நிறுப்பவர் விலகிப் போய் அந்த இடம் காலியாக இருந்தது. மூடையை வேறு ஆட்கள் ஏற்றி இறக்குவார்கள். நிறுப்பவர் நின்றபடி எடை பார்த்துச் சொன்னால் போதும். அந்த வேலையைப் பணிவாகக் கேட்டேன். அதற்குச் சுகமான ஆள் வேண்டும் என்றார்கள்.

8. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நான் வீட்டில் அலுமாரித் தட்டில் பீங்கானை வைத்து நின்றபடிதான் சோறு தின்கிறேன். மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் சீட் காலியாக இருக்க நிற்பவனைக் கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்க்கிறார். பள்ளிவாசலில் வருத்தக்காரர்கள் இருந்து தொழவென்று பின்வரிசையில் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் எனக்கு இடமில்லை. மற்றவர்கள் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதுக்குப் போகும்போது, மௌலவியிடம் கேட்டுக்கொண்டபடி, தலையை மட்டும் சாய்த்து நின்றே தொழுகிறேன்.

9. இனிச் சொல்வது சின்ன விசயம் போலத் தோன்றும். ஆனால் என் வேலை போனதற்கு அதுவும் காரணம். களஞ்சியக் காப்பாளர் ஜிப்ரி என் ஊர்க்காரர், என் பள்ளிக்காரர். அவருடைய மகனின் கலியாண வீட்டில் சஹன் சாப்பாடு. ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது எங்கள் வழக்கம். ஆறில் ஒருவர் எழுந்து போவது வீட்டுக்காரருக்குப் பெரிய அவமானம். என்னை அவரே கையைப் பிடித்து ஒரு சஹனில் உட்கார வைத்தார். சோற்றில் கை வைப்பதற்குள் கால் இழுக்கத் தொடங்கியது. எழுந்து போய்க் குசினி வாசலில் நின்றுகொண்டேன். காலியான என் இடத்தில் ஜிப்ரியே வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். அடுத்த நாள் காரணத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வேண்டாதவன் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்று ஆயிற்று.

10. கதிரையில் உட்கார மறுத்தது கட்டளை மீறல் என்று சென்ற மாதம் என்னை விசாரித்தார்கள். விசாரணை அறையிலும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். முடியாது என்று காரணத்தோடு சொல்லி நின்றேன். முதலாளிமார் முன்னால் தொழிலாளி உட்காராத இடம் அது. ஆகவே காரணத்தைக் காதில் வாங்காமல், மரியாதைக்கு நிற்பதாக எண்ணித் தலையை ஆட்டினார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் போனவன், பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை நின்றேன்.

11. சாட்சியாக ஜிப்ரி வந்தார். பள்ளியில் இடுப்பு வருத்தக்காரர்கள் எல்லோரும் கதிரையில் தொழுகிறார்கள், மக்கீன் மட்டும் நின்று தொழுகிறார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை ஐயா. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். காரணமும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவிட்டார். அதைக் கேட்டதும் முகாமையாளர் சிரித்துக்கொண்டு, "இடுப்பு போனவன் இவ்வளவு நேரம் நிப்பானா?" என்றார்.

12. எனக்குக் கிடைத்த வேலைநீக்கக் கடிதத்தில், "விசாரணை முடியும் வரை எவ்விதச் சிரமமுமின்றி நின்றமையால் நோய் பாசாங்கு என நிரூபணமாகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். என்னால் செய்ய முடிந்த ஒரே காரியத்தை வைத்தே என்னைப் பொய்க்காரன் ஆக்கிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இப்போது பள்ளியில் ஸலாம் சொல்கிறவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்ததாக என் இடுப்பைப் பார்க்கிறார்கள். சென்ற ஜும்ஆவில் நான் வழக்கமாக நிற்கும் தூணடியில் யாரோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குத்பா பிரசங்கம் முடியும் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு வலியை விட அதுதான் தாங்க முடியவில்லை.

13. ஆகவே, மேற்படி வேலைநீக்கத்தை இரத்துச் செய்து, பாசாங்கு என்ற சொல்லை எழுத்து மூலம் மீளப்பெறச் செய்து, நின்று செய்யும் தராசடி வேலையை எனக்குத் தரும்படி களஞ்சியத்தாருக்குப் பணிக்குமாறு தங்களைத் தயவுடன் வேண்டுகிறேன். எனக்கு இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. இரக்கப்பட்டுத்தான் அந்தக் கதிரையைத் தந்தார்கள்.

14. இந்த மனுவையும் அலுமாரித் தட்டில் வைத்து நின்றபடியே எழுதினேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். விசாரணைக்கு அழைக்கும் நாளில் தாங்கள் கதிரையைக் காட்டி உட்காரச் சொல்வீர்கள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்றும் நான் நின்றுதான் பேசுவேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதும்போது, ஏன் நின்றேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளும்படி மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
மு. ஹ. மக்கீன்

இடம்: இரத்தோட்டை
திகதி: 2025 ஒக்டோபர் 14

இணைப்பு: டாக்டரின் கடிதப் பிரதி, எம்.ஆர்.ஐ. அறிக்கைப் பிரதி, வேலைநீக்கக் கடிதப் பிரதி.