மரைப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது தனியாகத் தூக்காதே, யாரையாவது கூப்பிட்டுக்கொள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா நாளை நீ வேலை பார்க்கிற ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் எனக்கு "ம்" தவிர வேறொன்றும் வராது என்று உனக்குத்தான் தெரியுமே.

முதலில் அப்பா எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, திரும்பி வரட்டுமா என்று போன தடவை கேட்டிருந்தாய். போடலாமாம். "அங்க அவ நிழல்ல உக்காந்து வேல பாக்கறா. இங்க வந்து மறுபடியும் கரியில பொரளணுமா? எல்லாம் நல்லா நடக்குதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

புது உலை நன்றாக எரிகிறது. பழைய உலை வெடித்து வேலை நின்ற வருடத்தில்தானே நீ போனாய். இதன் கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. பழைய கதவு திறக்கும்போதெல்லாம் "உங்கப்பா கொட்டாவி விடறார் பாரு" என்பாய். இப்போது கதவு திறப்பது தெரியாமல் நான்தான் திடுக்கிடுகிறேன். கரித்தூளை இன்னமும் நீ செய்த மாதிரிதான் கலக்கிறோம். பழைய தூளைக் கொட்டாமல் சலித்து, அதோடு கொஞ்சம் புதுத் தூள். அப்படிப் பார்த்தால் நீ அள்ளிப் போட்ட கரி இன்னும் ஒரு பிடியாவது பெட்டிக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உங்கள் வீட்டில் என்ன வேலை என்று டீச்சர் கேட்டு, நான் வாய் திறக்காமல் நின்றேனே. மறுநாள் நீயே வந்து, "இரும்ப கரித்தூளுக்குள்ள வச்சு, பெட்டிய மூடி வேக வைக்கறோம் டீச்சர். அப்புறம் எண்ணெயில போடுவோம். தோல் மட்டும் கெட்டியாகும், தேயாது. உள்ள பழைய மாதிரியே இருக்கும், அதனால ஒடையாது" என்று சொன்னாய். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளியை விட்டு நிற்கும்வரை எனக்கு "இரும்புச் சோறு" என்றுதான் பெயர். அப்போது உன்மேல் அவ்வளவு கோபம். இப்போது அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவேன் போலிருக்கிறது.

சாயங்காலம் பெட்டியிலிருந்து சோதனைக் கம்பியை உருவி, எண்ணெயில் முக்கி, உடைத்து என் கையில் தருவாய். "எவ்வளவு தோல் ஏறியிருக்கு, சொல்லு பாப்போம்." உடைந்த இடத்தில் ஓரம் சாம்பல் நிறமாக வழவழப்பாகவும் நடு சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாகவும் இருக்கும். நான் ஒன்று சொல்வேன், அப்பா ஒன்று சொல்வார். "ரெண்டு பேரும் கண்ணாடி போடுங்க" என்பாய். இப்போது அப்பா உடைக்கிறார், பார்க்கிறார், "சரி" என்கிறார். அவ்வளவுதான்.

அம்மா, எழுத வேண்டாம் என்று அப்பா சொன்ன ஒன்றை எழுதப் போகிறேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பம்புக்கடை மாமாவின் ஊசிகள், பம்புக்குள் மாட்டும் விரல் தடிமன் இரும்புத் துண்டுகள், வந்திருந்தன. ஒரு நுனியில் நட்டு முறுக்க மரை வெட்டியது, மறுபக்கம் வழவழப்பானது. அதே பழைய ஊசிதான். மரையில் களிமண் பூசி மறைக்க வேண்டும், அதில் கரி ஏறினால் ஒடிந்துவிடும். நீங்கள் இருவரும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்வீர்கள். அப்பா ஊசிகளை வழவழப்பு தன் பக்கமும் மரை உன் பக்கமும் வருகிற மாதிரி அடுக்குவார். உன் பக்கம் இருப்பதில் நீ ஒரே இழுப்பாகப் பூசிக்கொண்டு போவாய். நீ போனபிறகு நான் ஓரத்தில் முக்காலி போட்டுக்கொண்டுதான் பூசுகிறேன். உன் இடத்தில் உட்கார எனக்குத் தோன்றவில்லை.

அன்று அப்பா தனியாக ஊசிகளை அடுக்கி, பூசி, உலையில் வைத்தார். ஊசிகளை வாங்கிப் போன மாமா மறுநாளே திரும்பி வந்தார். நட்டை முறுக்கினால் மரை பொட்டென்று ஒடிகிறது, மறுபக்கமோ அரம் பட்டதும் வெண்ணெய் மாதிரி வழிகிறது. "என்னங்க இது, கழுத்த கெட்டியாக்கிட்டு ஒடம்ப கொழகொழன்னு விட்டுட்டீங்க! இத்தன வருஷத்துல இப்படி ஒரு கூத்த நான் பாத்ததில்ல" என்றார். அப்பா ஒடிந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அப்பாவுக்கு இது தப்பாது. பட்டறையைப் பெருக்கும்போதுதான் பார்த்தேன். உன் இடத்தில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் அம்மா. உட்கார்ந்து, பழக்கப்படி வழவழப்பைத் தன் பக்கம் வைத்து அடுக்கியிருக்கிறார். அப்புறம் அந்த இடத்தில் உட்கார்ந்து நீ செய்கிற மாதிரியே, தன் பக்கம் இருந்த வழவழப்பில் களிமண்ணைப் பூசிவிட்டார்.

ஏன் அங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "அங்கதான் காத்து வருது" என்றார். உலை வாய்க்கு நேரே இருக்கிற இடம் அது. அங்கே என்றைக்குக் காற்று வந்தது?

மாமா நல்லவர். புது ஊசிகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தங்கச்சி எப்ப வராங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்பா உலைக்குக் கரி போடப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா இரண்டு தடவை வந்து நின்றார். முதல் தடவை, "எழுதிட்டியா? ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்றார். இரண்டாவது தடவை வெகுநேரம் கதவுப் பக்கமே நின்றுவிட்டு, "கையெழுத்துக்கு அவசரம் ஒண்ணும் இல்லன்னு எழுது. நான் சொன்னேன்னு எழுதாத. நீயா எழுதற மாதிரி எழுது" என்றார்.

நானாகவே எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே அம்மா. வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
உன் மகள்