கட்டைவிரலுக்கு இரண்டு அர்த்தம்

அன்புள்ள அல்பெர்தே,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத இப்போது கை வரவில்லை. அந்த பிரேசில் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதுகொண்டே, "அம்மா, அப்பாவ வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு, இல்லேன்னா மொத்தப் பழியும் அவர் தலையிலதான் விழும்" என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை, போனில் எனக்கு யோசிக்க வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

லௌஸ்தின் அடக்கம் முடிந்தது. நம் கால்நடை மருத்துவர் என்பதால் தீவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள், காலையிலிருந்து எல்லா வீட்டிலும் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது, பெட்டியை இறக்கியதும் வழக்கம்போல மேலே ஏற்றிவிட்டார்கள். அப்பா பட்டச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் கடற்கரைக் கிளப்பின் கொடியைத் தலைவர் பிரேபன் தானே உச்சிக்கு ஏற்றினார். கயிற்றைக் கட்டிவிட்டு நேராகக் காரருகே நின்ற அப்பாவிடம் வந்து, "இங்க பாரு தோர்பென், கட்டைவிரலத் தூக்கிக் காட்டினது லௌஸ்துதான். காட்டினா பட்டத்த விடணும், எந்த ஊருக் கடற்கரையிலயும் அதான் வழக்கம். போலீஸ்ல அத மட்டும் சொல்லு, மேல ஒரு வார்த்த வேணாம்" என்றார். அப்பா காரில் ஏறிவிட்டார். பிரேபன் கெட்டவர் இல்லை, கிளப்பை மூடிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். ஆனால் அன்று சாயங்காலமே ரொட்டிக் கடையில், மருத்துவர் தானே கேட்டு வாங்கிக்கொண்ட சாவு என்று பேச்சு வந்துவிட்டது.

நடந்ததை நீ பிரேபன் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய், அப்பா சொல்வதையும் கேள். பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கப் பழக வந்த லௌஸ்தின் இடுப்புப் பட்டையில் பட்டத்தின் கயிறுகளை மாட்டியாகிவிட்டது. அப்பா தூரத்தில் பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். லௌஸ்த் ஒரு கையால் தலைக்கவசத்தின் வாரை மாட்ட முடியாமல் தடவிக்கொண்டிருந்தார், நிற்க வேண்டிய இடத்துக்கும் இன்னும் நகரவில்லை. அப்பா, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான், "சரியா?" என்று கத்தினார். லௌஸ்த் கட்டைவிரலைத் தூக்கினார். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறு என்று அதற்கு அர்த்தம். கட்டைவிரலைக் கண்டதும் அப்பாவின் கை தானாக விட்டுவிட்டது. பட்டம் ஒரே வீச்சில் மேலே போய் லௌஸ்தைத் தரையோடு இழுத்தது, தலைக்கவசம் மணலில் விழுந்தது, கார்கள் உள்ளே வராமல் நட்டிருக்கும் கம்பங்களில் ஒன்றில் அவர் தலை மோதியது. பட்டத்தின் விசையை அறுக்கும் சிவப்புப் பிடி வயிற்றுக்கு நேரே இருந்தும் அவர் கை அதற்குப் போகவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் பிரேபன் நம் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். அப்பா, "நான் கேட்டது கேள்வி, அவரு காட்டினது பதிலு. அத நானே உத்தரவா எடுத்துக்கிட்டேன். அந்தச் சிவப்புப் பிடிய சும்மா நிக்கிறப்ப ஒருவாட்டி தள்ளச் சொன்னேன், அவ்வளவுதான். பட்டம் இழுக்கிறப்ப தள்ள வச்சுப் பழக்கலையே, பிரேபன்" என்றார். பிரேபன் கோப்பையை வைத்துவிட்டு, "ஓகோ, நீ புனிதனாகப் போற, கிளப்ப மூடிட்டு நாங்கல்லாம் மெழுகுவத்தி ஏத்தணுமாக்கும்" என்று எழுந்து போய்விட்டார், கதவையும் சாத்தவில்லை.

அதன் பிறகுதான் லௌஸ்தின் மனைவி குரூ வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. "தோர்பென், ஊரே சொல்லுது, அவராத்தான் விடச் சொன்னாராமே? மனுசன் மாட்டுக்கு ஊசி போடுறதுன்னாக்கூட ரெண்டுவாட்டி பாத்துட்டுத்தான் போடுவாரு" என்று கேட்டாள். அப்பா அவளிடம், "இல்ல குரூ. அவரு விடச் சொல்லல. நாந்தான் விட்டேன்" என்றார். அவள் அவரைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவளிடம் சொன்னதைப் போலீஸில் மாற்றிச் சொல் என்று நான் எந்த வாயால் சொல்வது? உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று பாதிரியார் சொன்னார், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அப்பாவுக்கு லேசாகவும் இல்லை, ராத்திரியில் படுக்கையிலேயே கை விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொடுக்கும் உரிமம் போய்விடும், வழக்கும் வரலாம். நாளைக் காலை படகேறிப் போய்ப் போலீஸில் சொல்லப்போகிறார், நானும் கூடப் போகிறேன். அவர் மனதை மாற்ற நீ போன் செய்யாதே.

உன்னிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. அப்பாவைப் போல நீயும் அங்கே கற்றுக்கொடுக்கிற வேலையில் தினமும் யாருடைய பட்டத்தையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாய். நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லாருமே தலையாட்டுவார்கள். மருந்தை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர்களையே சொல்ல வைக்கிறேன். நீயும் பட்டத்தைக் கையில் பிடித்திருக்கும்போது கேள்வி கேட்காதே. சந்தேகம் வந்தால் பட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்ப் பார். சிவப்புப் பிடியை இழுவை இருக்கும்போதே தள்ளிப் பழகாத யாருக்கும் பட்டத்தை விடாதே, உன் முதலாளி முகம் சுளித்தாலும் சரி. அதற்காக வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது.

குளிருக்கு முன்னால் உன் கம்பளிச் சட்டையைக் காயப்போட்டு வைக்கிறேன். முதுகில் வெயில் படாமல் பார்த்துக்கொள். உன் கையை நம்பி நிற்கிறவர்கள் எல்லாரும் முழுசாக வீடு திரும்பட்டும், நீயும் திரும்பி வா.

அன்புடன்,
அம்மா மெரேட்டே

பி.கு.: நாளைச் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய். என்ன சாப்பிட்டார், நாயைக் கூட்டிக்கொண்டு எதுவரை நடந்தார், எதை வேண்டுமானாலும் கேள். சரியா இருக்கீங்களா என்று மட்டும் கேட்காதே. சரி என்றுதான் சொல்வார்.