நாற்றப்பூச்சி வராத ஐந்து நாட்கள்

அக்டோபர் 9, புதன்

இன்று இருபத்தேழு பூச்சி, குளிருக்கு வீட்டுக்குள் ஒதுங்க வந்தவை. காலையில் ஜன்னல் சட்டத்தில் எட்டு, காய்ந்த துணியோடு பதினொன்று, சாயங்காலம் திரைக்குப் பின்னால் எட்டு.

ஒவ்வொரு துணியையும் உதறித்தான் உள்ளே எடுத்தேன். அப்படியும் ஃபுமியின் உள்சட்டைக் கழுத்தில் ஒன்று ஒட்டியிருந்திருக்கிறது. போட்டுவிட்ட பிறகுதான் பார்த்தேன். அவள் அழவில்லை, நான்தான் கத்தினேன். நான் கத்தியதில் அவள் அழுதாள். பிடித்து எடுக்கும்போது அது தன் வேலையைக் காட்டிவிட்டது. கொத்தமல்லித் தழையைக் கசக்கி ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் மறந்துபோனால் வருமே, அந்த நாற்றம். இரண்டு தடவை குளிப்பாட்டியும் குழந்தையின் கழுத்து மடிப்பில் இன்னும் இருக்கிறது.

ஏழு மாதம் ஆகிறது அவளுக்கு. தவழ ஆரம்பித்துப் பத்து நாள். தரையில் கிடைப்பது எதுவானாலும் நேரே வாய்க்குத்தான். எனக்கு வேறு பயம் எதுவும் இல்லை. இது ஒன்றுதான்.

அக்டோபர் 12, சனி

என் கணவர் மசாயாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு. தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒட்டுநாடாவை ஒரு துண்டு கிழித்து, பூச்சியின் முதுகில் அமுக்கி, நாலாக மடித்துக் குப்பையில் போடுகிறார். நாற்றமே வருவதில்லை. ஐந்து வயதில் கற்றுக்கொண்டாராம். நான் செய்தால் நாடா பாயில் ஒட்டிக்கொள்கிறது, பூச்சி நடந்து போய்விடுகிறது.

“சின்ன வயசுல நாங்க இதோட சேர்ந்துதான் தூங்கினோம். செத்தா போயிட்டோம்?” என்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அங்கேதான் வேலை. பனிச்சறுக்கு ஆட்கள் வருவதற்குள் அவர்களை மேலே ஏற்றும் இழுவைக் கம்பிகளை எல்லாம் சோதித்தாக வேண்டும். டிசம்பர்வரை ஞாயிறு தவிர லீவே கிடையாது.

நான் சிபா நகரத்தில் ஒன்பதாவது மாடியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்குள் கொசு வந்தாலே அது ஒரு செய்தி.

அக்டோபர் 16, புதன்

மண்ணெண்ணெய் வண்டி வந்தது. குவாபரா அக்காவே ஓட்டிக்கொண்டு வந்து, அவரே குழாயை இழுத்துப் பின்பக்கத் தொட்டியை நிரப்புகிறார். தொட்டி மூடியைத் திறந்ததும் உள்விளிம்பில் வரிசையாகப் பூச்சிகள். கையாலேயே வழித்துப் போட்டார்.

“இந்த வருஷம் இது இத்தனை வந்திருக்கில்ல, பனி கழுத்து வரைக்கும் வரும் பாரு தங்கச்சி. என் யாவாரத்துக்கு நல்லது.”

சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. பனிக்கா, பூச்சிக்கா?

அக்டோபர் 20, ஞாயிறு

பாட்டிலை வெட்டிப் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் ஊற்றி, பூச்சிக்குக் கீழே பிடித்தால் தானாக உள்ளே விழுந்துவிடுகிறது. முப்பத்து மூன்று. கொஞ்ச நேரம் கால்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன.

அக்டோபர் 24, வியாழன்

பயந்தது நடந்துவிட்டது.

அரிசி கழுவிவிட்டுத் திரும்புகிறேன், ஃபுமி எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். வாயோரத்தில் பழுப்பு எச்சில். விரலை விட்டு எடுத்தேன் — பாதி உடம்பு, ஒரு கால். உதடு சிவந்து வீங்கிவிட்டது. மசாயாவுக்குப் போன் அடித்தேன், மலையில் சிக்னல் இல்லை. மருத்துவமனைக்கு அடித்தேன். நர்ஸ் சிரிக்காமல் இருக்க முயன்றது எனக்குக் கேட்டது. “விஷமெல்லாம் இல்லம்மா. வாயை நல்லாத் துடைச்சு விடுங்க. இந்தப் பக்கத்துக் குழந்தைங்க எல்லாம் ஒரு தடவையாவது கடிச்சிருக்கும்.”

இரண்டு மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. நான் திரும்பி நின்றது ஐந்து நிமிஷம்கூட இல்லை. அரிசி கழுவும் நேரம்தான். என்ன அம்மா நான்?

அக்டோபர் 27, ஞாயிறு

குளிர்காலம் முடியும்வரை சிபாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன்.

“பூச்சிக்காகவா வீட்டை விட்டுப் போற?”

ஆமாம், பூச்சிக்காகத்தான். சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. பொருளாதாரம் படித்தவள், ஐம்பது பேர் முன்னால் நின்று பேசியவள். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

நவம்பர் 2, சனி

முழு வீட்டையும் காப்பாற்ற முடியாது. ஒரே ஒரு அறையைக் காப்பாற்றலாம். நாங்கள் புழங்குகிற, எட்டுப் பாய் விரிக்கும் அளவுள்ள அறை.

பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் பச்சை நாடா எட்டு உருளை வாங்கிவந்தேன். ஜன்னல் சட்டம், கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு, கதவுக்கு மேலே இருக்கும் மரச்சல்லடை, சுவரில் பழைய புகைக்குழாய் இருந்த ஓட்டை. ஒட்ட ஒட்டப் புதிது புதிதாகத் தெரிகிறது. ஃபுமியை முதுகில் கட்டிக்கொண்டுதான் செய்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

முடிந்தது. மேல் மூலைகளுக்கு மசாயா ஏணி பிடித்தார். நழுவுகதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். பரிசுப் பொட்டலத்துக்குள்ளே குடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஓரங்களில் எல்லாம் புதினா எண்ணெய் தெளித்தேன், அந்த வாசனை பூச்சிக்கு ஆகாதாம்.

நவம்பர் 8, வெள்ளி

பூஜ்யம்.

மலையில் முதல் உறைபனி. மசாயா கொட்டகையிலிருந்து அவர் அம்மா காலத்து, குளிர்காய்கிற உருண்டை மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துவந்து பற்றவைத்தார். மணிக்கு ஒருமுறை ஜன்னலைத் திறக்கவும் என்று அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிறது. திறக்கணுமா என்று கேட்டேன்.

“இந்த வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். நூறு ஓட்டை இருக்கு, அதுவே மூச்சு விட்டுக்கும். எங்கம்மா ஒரு நாளும் திறந்ததில்ல.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. திறந்தால் பூச்சி வரும்.

நவம்பர் 9, சனி

பூஜ்யம். முதல் தடவையாகப் பயமில்லாமல் ஃபுமியைத் தரையில் விட்டேன். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

நவம்பர் 10, ஞாயிறு

பூஜ்யம். தலைவலி. எட்டு மாதம் தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்து இப்போது கேட்கிறது போல.

நவம்பர் 11, திங்கள்

பூஜ்யம். மூன்றரை மணி நேரம் தூங்கினாள்! அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: இந்த வீட்டில் ஒருவழியாக எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்ததும் பால் குடிக்காமல் கொஞ்சம் கக்கினாள். பல் முளைக்கிறதோ?

நவம்பர் 14, வியாழன்

இரண்டு நாள் எழுதவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து குளிர்மழை. அடுப்பை ஏற்றியவள் அணைக்கவே இல்லை. துணியைக்கூட அறைக்குள்ளேயே கட்டியிருந்தேன். அன்றும் பூஜ்யம்தான். பதினொரு மணிக்கு வாசலில் குவாபரா அக்காவின் குரல் கேட்டது. “இதோ வர்றேன்” என்று சொல்ல நினைத்தேன். சொல்லவும் முடியவில்லை, கால் எழவும் இல்லை. அதில் எனக்குக் கவலையும் இல்லை. ஃபுமி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னம் ரோஜா நிறத்தில். எவ்வளவு அழகாகத் தூங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இந்த ஊரில் பதில் வராவிட்டால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஏப்ரலில் இங்கே குடிவந்தபோது அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவர் முதலில் பார்த்தது எங்களை அல்ல, அடுப்பை.

“நெருப்பு நிறத்தப் பாரு தங்கச்சி. குழந்தையக் குடு. குடுன்னா குடு.”

ஃபுமியைப் பிடுங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னையும் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். பச்சை நாடா கிழிகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு தாழ்வாரத்தில் என் முகத்தில் மழை.

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. என் மூக்கில் புதினாவும் பூச்சியும் தவிர வேறெதற்கும் இடமில்லாமல் இருந்தது.

மூடிய அறையில் அடுப்பின் கெட்ட காற்று ஏறிவிட்டது என்று சொல்லி, மருத்துவமனையில் ஃபுமிக்குப் பிராணவாயு வைத்தார்கள். நாற்பது நிமிஷம் அசைவு ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷம். அப்புறம் கையைத் தூக்கினாள். முகமூடியைப் பிடித்து இழுத்து அதன் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தாள்.

மசாயா மலையிலிருந்து அதே சேற்றுக் காலணியோடு வந்தார். “நான்தான் திறக்க வேண்டாம்னு சொன்னேன்,” என்றார். நான்தான் ஒட்டினேன் என்றேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். நானும்.

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் அவள் மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நாடாவைப் பிரித்தோம். சுவர் மண்ணும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. நாடாவின் பின்பக்கம் நெடுக, உள்ளே வர வழி தேடிய இடத்திலேயே ஒட்டிக் காய்ந்த பூச்சிகள். பிரித்த இடுக்கில் முதலில் காற்று வந்தது, நான் கையை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்து வந்தது.

மசாயா ஒட்டுநாடாவை எடுக்கவில்லை. நானும் பாட்டிலை எடுக்கவில்லை. அது திரையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது. ஃபுமி இன்று முழுவதும் முதுகில்தான்.

நவம்பர் 25, திங்கள்

புகையை வெளியே தள்ளுகிற புது அடுப்பு வந்துவிட்டது. கெட்ட காற்று இருந்தால் அலறும் கருவியும் சுவரில் இருக்கிறது. மருத்துவர் ஃபுமியைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். இப்போதைக்கு.

தொட்டி நிரப்ப வந்த குவாபரா அக்காவுக்குக் கொடுக்கப் பெரிய இனிப்புப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். வாங்கமாட்டேன் என்றவர், குழந்தையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். “இன்னைக்கு எத்தனை?” என்று கேட்டார்.

ஆறு என்றேன்.

“வரட்டும்,” என்றார்.

டிசம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து பனி கொட்டுகிறது, வாசல் படி மறைந்துவிட்டது. இன்று பூச்சி ஒன்றுகூட இல்லை. திரைக்குப் பின்னால் பார்த்தேன், ஜன்னல் சட்டத்தில் பார்த்தேன், துணிக்கூடையை உதறிப் பார்த்தேன். சுவரில் கருவியின் பச்சை விளக்கு எரிகிறது. இருந்தாலும் இன்னொரு தடவை திரையை விலக்கிப் பார்த்தேன்.

ஃபுமிக்குக் கம்பளித் தொப்பியைப் போட்டுவிட்டு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தேன். பனி உள்ளே வந்து பாயில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.